பிரம்பு டீச்சரின் பயிற்சி வகுப்பு

பிரம்பு டீச்சர் என்ற பட்டப்பெயர் விழுந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. கல்குவாரியை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்தார். கரும்பலகையில் எழுதும்போதும் வலது கையில் சாக்பீஸ், இடது கையில் பிரம்பு. "உங்க வகுப்புப் பக்கம் வந்தா ஈ பறக்கிற சத்தம் கேக்குது டீச்சர்" என்று தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் மெச்சுவார். அன்றைக்கு டீச்சருக்குப் பெருமையில் தலைகால் புரியாது. அவர் கணவர் லாரி மெக்கானிக், வாய் திறந்தால் கிண்டல்தான். "நாள் பூரா நான் இரும்பைத் தட்டுறேன், நீ பிள்ளைங்களைத் தட்டுற. யாருக்குக் கை அதிகமா வலிக்குது, சொல்லு" என்பார். டீச்சர் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், பதினேழு பெஞ்சுகள். குவாரியில் கல் உடைக்க வெளியிடங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேர், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தரையில் இருந்தார்கள். பெஞ்சு பத்தவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பெஞ்சுக்கு மூன்று பேர் என்று உட்கார வைத்திருந்தால் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்திருக்காது. கணக்குப் பாடம் எடுத்த டீச்சர் அந்தக் கணக்கை ஆறு வருடம் போட்டுப் பார்க்கவில்லை.

ஒருநாள் தரையில் இருந்த ஒரு சிறுமியை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு அடி. மறுபடி சொன்னார். அவள் புத்தகத்தையும் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் திமிர் என்று நினைத்தார். கையைத் திருப்பச் சொல்லி விரல் கணுக்களில் அடித்தார். நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ சுண்டுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அப்போதும் அந்தப் பிள்ளை சத்தம் போடவில்லை. அடுத்த அறையிலிருந்து ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அக்கா ஓடிவந்து டீச்சரின் முழங்கையைக் கடித்துத் தொங்கினாள். டீச்சர் உதறிய வேகத்தில் அவள் தலை கதவு நிலையில் மோதியது. கதவிலும் தரையிலும் ரத்தம். ஐம்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அந்தப் பிள்ளைகளின் அம்மா வந்து நின்றாள். முடியெல்லாம் கல் தூசி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தலைமையாசிரியர் காவலாளியைக் கூப்பிட்டு வைத்திருந்தார். அவளோ தெரிந்த நாலு தமிழ் வார்த்தையைக் கோத்து, டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்: "அடிங்க. பேரை மட்டும் வெட்டாதீங்க."

"நேத்து அவ ஏன் வாசிக்கல?" என்று டீச்சர் கேட்டார்.

"அவளுக்கு உங்க பேச்சுப் புரியாது."

அன்றைக்குச் சாயங்காலம் பிரம்பை அவரே முறித்துக் குப்பையில் போட்டார். அதோடு மனுஷி மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். பிறகும் மூன்று முறை கை நீண்டதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் குவாரிக் குடிசைகளுக்குப் போய் அவர்கள் பேச்சில் இருநூறு வார்த்தை கற்றுக்கொண்டார். ஒன்பது பேரையும் பெஞ்சில் ஏற்றினார். மேலே படித்தார். முப்பத்தெட்டு வயதில் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் ஆனார். நான் அங்கே நூலகத்தில் வேலை பார்த்தேன். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

ஒன்பது வருடம் அவர் எடுத்தது ஒரே பாடம்: எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுள்ள வகுப்பறை. அவருடைய மாணவர்கள் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். சமத்துவம், சமூக நீதி, கண்ணியம் என்று ஒரு வார்த்தை தப்பாது. திருத்தும்போது அவருக்கே பெருமையாக இருக்கும்.

பத்தாவது வருடம் எட்டுப் பேரைக் கற்பித்தல் பயிற்சிக்காக இன்னொரு குவாரிப் பகுதிப் பள்ளிக்கு அனுப்பினார். அதில் ஒருத்தியை விடுதியில் வாய்ப்பூட்டு என்று கூப்பிடுவார்கள். கேட்டால்தான் பேசுவாள், அதுவும் பாதி. அந்த வாய்ப்பூட்டு போன இரண்டாம் நாளே சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, வந்த வரிசையில் பிள்ளைகளை உட்கார வைத்தாள். தரையில் இருந்த குவாரிச் சிறுமி ஒருத்திக்கு லாரி முதலாளியின் மகள் பக்கத்தில் இடம் கிடைத்தது. இருவரும் அன்றைக்கே ஒரு பென்சிலை மாற்றி மாற்றி எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலை லாரி முதலாளி இருபது பேரோடு வந்தார். தலைமையாசிரியர் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூட்டம் வகுப்புக்குள் நுழைந்தது.

"யாரு மாத்தி உக்கார வெச்சது?"

"நான்தான்" என்றாள் வாய்ப்பூட்டு.

லாரி முதலாளி அறைந்த அறையில் அவள் கரும்பலகையில் போய் விழுந்தாள். மற்றப் பயிற்சி ஆசிரியர்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் கையை உயர்த்தி, "எல்லாப் பிள்ளைங்களும் சமம்னு சட்டம் சொல்லுது சார்" என்று ஆரம்பித்தான். அவன் சட்டையைக் கிழித்து மூக்கில் குத்தினார்கள். இருவர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். மீதிப்பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பெஞ்சுகள் கவிழ்ந்தன. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மூலைக்கு ஓடினார்கள். லாரி முதலாளி குவாரிச் சிறுமியின் முடியைப் பிடித்துக் கதவை நோக்கி இழுத்தார்.

மேற்பார்வைக்கு வந்த டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தார். ஓடிப்போய் லாரி முதலாளியின் கையைப் பிடித்துத் தடுத்தார். பின்னால் நின்றவன் உடைந்த பெஞ்சுக் காலால் ஓங்கி அடித்தான். டீச்சரின் இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னொரு அடியில் இரண்டு பல் போயிற்று. வாயில் ரத்தத்தோடு, கீழே கிடந்த கரும்பலகை அளவுகோலை வலது கையில் எடுத்தார். லாரி முதலாளியின் மணிக்கட்டில் அடித்தார், பிடி விட்டது. முகத்தில் அடித்தார், அவர் விழுந்தார். பிறகும் அடித்தார். காது கிழிந்து தொங்கியது. அளவுகோல் முறிந்தும் முறிந்த துண்டால் அடித்தார். கூட்டம் பின்வாங்கியது.

"அந்த நேரத்துல எனக்குச் சுகமா இருந்துச்சு" என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். "பழைய கை திரும்பக் கிடைச்ச மாதிரி."

நிமிர்ந்து பார்த்தபோது குவாரிச் சிறுமி ஒரு பெஞ்சுக்கு அடியில் சுருண்டிருந்தாள். டீச்சர் கையை நீட்டினார். அவள் இன்னும் உள்ளே நகர்ந்து போனாள். அவள் பயந்தது இழுத்தவருக்கு அல்ல, டீச்சருக்குத்தான்.

இரண்டு பக்கமும் வழக்குப் பதிவானது. ஏழு மாதம் பணியிடை நீக்கம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் கணவர், "இவ்வளவு வருஷம் கழிச்சும் உன் கைக்கு ஓய்வு குடுக்க மாட்டியா" என்று கேட்டுவிட்டு, சிரிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மத்தியானம் வாய்ப்பூட்டு வந்தாள். கன்னத்து வீக்கம் இன்னும் வடியவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லும்மா."

"எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க. வெச்சா இவங்க வருவாங்கன்னு சொல்லல. வந்தா என்ன செய்யணும்னும் சொல்லல."

"எனக்கும் தெரியலையே. பாத்தியே, நான் என்ன செஞ்சேன்னு."

"பாத்தேன் மேடம். அந்தப் பிள்ளை அன்னைக்கே நின்னுட்டா. இன்னும் வரல."

அவள் போனபிறகு டீச்சர் அழுதாராம். கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வேலைக்கு வந்த வாரமே வகுப்பில் பெஞ்சுகளை எடுத்துவிடச் சொன்னார். வாரத்தில் ஒரு மத்தியானம் மாணவர்களில் பாதிப்பேர் ஆத்திரம் பிடித்த பெற்றோராக நடிப்பார்கள், மீதிப்பேர் ஆசிரியர்களாக. கத்துவார்கள், தள்ளுவார்கள், மேசையை உதைப்பார்கள். கதவை யார் சாத்துவது, பிள்ளைகளை எந்த மூலைக்கு நகர்த்துவது, யாருக்கு போன் போடுவது, முதல் வாக்கியம் என்ன, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று வியர்த்து விறுவிறுக்கப் பழகுவார்கள். இருக்கை மாற்றுவதற்கு முந்தின மாதமே ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வரவேண்டும், லாரி முதலாளி வீட்டுக்கும்தான். ஒரு தடவை விளையாட்டு வினையாகி ஒருத்திக்கு உதடு கிழிந்தது. முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார். டீச்சர் கேட்டுக்கொண்டார், நிறுத்தவில்லை.

தொடக்க வகுப்பில் அந்தச் சுண்டுவிரலைப் பற்றி முழுதாகச் சொல்லிவிடுவார். ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "அப்ப அந்த ஆளை அடிச்சதும் தப்புங்கிறீங்களா மேடம்?"

"கையில அடிச்சது பிள்ளையை விடுவிக்க. விழுந்த பிறகு அடிச்சேனே, அது எனக்காக. அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து துரத்தினது அவர் பாதி, நான் பாதி."

பெஞ்சுக்கு அடியில் சுருண்டிருந்த அந்தச் சிறுமியைத் தேடிக் குவாரிக்கு நாலு முறை போனார். குடும்பம் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டிருந்தது. வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. காது கிழிந்த மனிதர் அதற்கப்புறம் அவரைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிப் போவார்.

வாய்ப்பூட்டு பயிற்சியை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். முடித்தாள், வேலையும் கிடைத்தது. இரண்டாம் வருடம் ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு டீச்சருக்கு போன் வந்தது. அவர் நூலகத்தில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், வாய்ப்பூட்டின் குரல் எனக்கும் கேட்டது.

"வந்தாங்க மேடம். முப்பது பேர்."

"கதவு?"

"சாத்திட்டேன். ஜன்னல் வழியா பேசினேன். முக்கால் மணி நேரம். பாதிப்பேர் வீட்டுக்கு முன்னாடியே போயிருந்தேன்ல, அவங்க பின்னாடி நின்னு மத்தவங்களை அடக்கினாங்க. ஒரு கல்லுதான் வந்துச்சு. புருவத்துல அஞ்சு தையல். ரெண்டு வீட்டுல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"மத்த பிள்ளைங்க?"

"அதே இடத்துலதான் இருக்காங்க மேடம். கணக்குப் போடுறாங்க."

டீச்சரின் வலது கை மேசைமேல் இறுகி மூடியிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

"கல்லை எறிஞ்சது யாரு?"

"அது வேண்டாம் மேடம்" என்றாள் வாய்ப்பூட்டு. "எனக்கு அடுத்த பீரியட் இருக்கு."