கூழ் மேல் போட்ட பழி

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று விசாரித்து எழுதும் சுகாதாரப் பணியாளர் நான். பதினோரு வருட சர்வீஸ். என்னோடு புதிதாக ஒரு பெண் அந்த வருடத் தை மாதம்தான் சேர்ந்திருந்தாள். ஆறே மாதத்தில் தெருவே அவளைக் கொண்டாடியது. எனக்கு வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புவார்கள். அவளை உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். டாக்டரும் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது ஒரு சந்தில் வாந்தி பேதி கிளம்பியது. முந்தின ஞாயிறுதான் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருந்தார்கள். "கூழ்தான், வேற இன்னா?" என்றேன். அவள் நோட்டைப் பிரித்துக் காட்டினாள்.

"கூழா இருந்தா எல்லாரும் ஒண்ணா படுத்து, அதோட முடிஞ்சிருக்கும்க்கா. இது தெனம் ரெண்டு மூணு வூடு ஏறிகினே கீது. அம்மை மாதிரி ஒரே வூட்டுக்குள்ள ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னும் வரல. அந்த அடி பம்புல தண்ணி புடிக்கிறவங்களுக்குத்தான் வருது. நாளைக்கு நான் லீவு. டாக்டராண்ட நீங்க சொல்லிடுங்க."

அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அது எனக்குத் தோன்றாமல் நேற்று வந்தவளுக்குத் தோன்றியதே என்ற கடுப்பு. மறுநாள் டாக்டர் கேட்டபோது, "கூழ்தான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் சந்துக்குள் நுழையும்போதே, ஒரு பெண் ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன. தலை நிற்கவில்லை. என்ன தண்ணீர் குடித்தாள் என்று கேட்டேன்.

"எப்பவும் லாரித் தண்ணிதாங்க்கா. நேத்து லாரி வரல, பம்புல புடிச்சேன்."

நேற்று! நான் டாக்டரிடம் கூழ் என்று சொன்ன அதே நாள். ஆட்டோவில் ஏற்றி, போகும்போதே டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். மதியத்துக்குள் பம்பைச் சாக்கு சுற்றிக் கட்டிவிட்டார்கள்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் குழந்தை எழுந்து உட்கார்ந்தது. நானும் அந்தப் புதுப் பெண்ணும் பார்க்கப் போயிருந்தோம். அந்தத் தாய் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் அன்னிக்கு வரலன்னா எம் பொண்ணு இல்லக்கா" என்று அழுதாள். நான் சொல்லாமல் விட்டது தெரிந்தும் பக்கத்தில் நின்றவள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு மாதமாக நான் ஏங்கியது இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று அந்தத் தாயிடம் சொல்லும் தைரியம்தான் இன்றுவரை வரவில்லை.