கோட்டைக்குப் போன றஞ்சனாக்கா

கட்டுகஸ்தோட்டையில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் றஞ்சனாக்காவுக்கு மீன்கடையில் ஒரு துண்டு மீன் கேட்க வெட்கம். "ஒருத்திக்குத்தானே" என்று கடைக்காரன் நினைத்துவிடுவானாம். அதனால் முழு மீனாக வாங்குவார். பாதி எங்கள் வீட்டுக்கு வேலிக்கு மேலால் வரும். அவருடைய வெட்கத்தில் நான் இத்தனை காலம் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறந்தது யாழ்ப்பாணத்தில், உடுவில் என்ற ஊரில். தபால் கந்தோரில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தவர், இங்கேயே அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சயந்தன் கனடாவில். யாழ்ப்பாணத்திலும் இப்போது நெருங்கிய ஆட்கள் இல்லை. எங்கள் சேர்ச்சில் பாட்டுக்குழுப் பயிற்சிக்கு, கதவு திறக்கும் முன்பே போய் வாசலில் நிற்பார். "ஏன்க்கா இவ்வளவு வெள்ளனே?" என்று கேட்டால், "பஸ் கெதியா வந்திட்டுது ரீச்சர்" என்பார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததால் நான் அவருக்கு ரீச்சர். கண்டி பஸ் கெதியாக வந்ததாக நான் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போன ஓகஸ்டில் சயந்தன் மனைவி பிரியாந்தினியோடும் மகள் ஹன்னாவோடும் வந்தான். அவர்கள் திரும்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு பின்னேரம் றஞ்சனாக்கா வேலியடிக்கு ஓடிவந்தார். முகம் பூராவும் சிரிப்பு.

"ரீச்சர், தம்பி நாளைக்கு என்னைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறான்!"

தம்பி என்றால் மகன்தான். கோட்டை என்றால் எங்களுக்கு ஒரே கோட்டைதான்: கண்டி ரயில் போய் நிற்கும் கொழும்புக் கோட்டை.

"எதுக்காம்?" என்றேன்.

"சொல்லேல்லை. விடிய வெளிக்கிடுங்கோ எண்டு மட்டும் சொன்னவன். விசாக் கந்தோர் கொழும்பிலதானே இருக்கு?" குரலைத் தாழ்த்தினார். "கனடாவுக்கு வாறீங்களோ எண்டு அவனாக் கேக்கட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தனான். நீங்களும் வாங்கோ. தம்பி வாடகைக்குப் பிடிச்ச வானில இடமிருக்கு."

மறுநாள் காலையில் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல நீலப் பட்டுச் சேலையில் நின்றார். பேர்ஸுக்குள் பாஸ்போட் அளவுப் படங்கள். மாலைக்குள் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். சயந்தன் சேலையைப் பார்த்தான். "அம்மா வடிவா இருக்கிறீங்கள்" என்றான். அதோடு அவருக்குத் தலைகால் தெரியவில்லை.

வான் பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவையும் வந்தபின், பெருந்தெருவை விட்டு ஒரு சிறிய பாதையில் திரும்பியது.

"தம்பி, கோட்டைக்கு இது பாதை இல்லையே?"

"இதுதானம்மா. பலன கோட்டை. போர்த்துக்கீசப் பறங்கியள் கண்டிக்கு வரேக்க ராசான்ர ஆக்கள் சண்டை பிடிச்ச இடம். ஹன்னாவுக்குக் காட்டவேணும். மேல போய்ச் சாப்பிட்டுட்டு வருவம்."

"ஓம் ஓம்" என்றார் றஞ்சனாக்கா. யாழ்ப்பாணத்தாருக்கு அந்த ஒரு சொல் போதும். சரி என்பதும் ஓம், இதற்குமேல் கேட்காதே என்பதும் ஓம். பேர்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மகளுக்குக் கோட்டையைக் காட்ட வந்த பிள்ளைமேல் என்ன குற்றம்?

மேட்டில் ஏறினோம். பட்டுச் சேலை புல்லில் இழுபட்டது. கோட்டை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பாசி பிடித்த கல்வரிசை, அதன்மேல் காற்று. சிங்களத்தில் 'பலன' என்றால் பார்ப்பது. எதிரி வருகிறானா என்று பார்த்திருந்த இடம். தூரத்தில் பைபிள் கல் என்கிற மலை, விரித்துவைத்த வேதப்புத்தகம் போலத் தட்டையாகக் கிடந்தது. ஞாயிறுதோறும் கடவுளை எங்கள் கோட்டை என்று பாடுகிறோம். பாட்டில் அது அடைக்கலம். கோட்டையின் கல்வரிசையில் உட்கார்ந்தபோதுதான், கோட்டைக்குள் இருந்தவனின் வேலை, யாராவது வருகிறார்களா என்று நாள் முழுவதும் வழியைப் பார்ப்பது என்று எனக்குத் தோன்றியது.

சயந்தன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மாவுக்கு இங்க ஒரு குறையும் இல்லை, என்ன ரீச்சர்? சேர்ச் இருக்கு. நீங்கள் இருக்கிறீங்கள்."

"நான் பக்கத்து வீடுங்க தம்பி. அந்த வீட்டுக்குள்ள யார் இருக்காங்க?" என்றேன்.

சிரித்துவிட்டு, மகளைப் படம் பிடிக்கப் போய்விட்டான். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

பாய் விரித்து, பிரியாந்தினி சோற்றுப் பார்சல்களை எடுத்து வைத்தாள். "அம்மா, ஜெபம் பண்ணுங்கோ" என்றான் சயந்தன். எல்லோரும் கண்களை மூடினோம்.

றஞ்சனாக்காவின் ஜெபத்துக்கு எங்கள் சபையில் பெயர் உண்டு. அச்சடித்த தமிழில், ஒரு சொல் தட்டாமல் வரும். அன்றும் அப்படித்தான் தொடங்கினார்.

"எங்கள் பரம பிதாவே, எங்கள் கோட்டையும் கேடகமுமானவரே, இந்த நல்ல நாளுக்காக உம்மைத் துதிக்கிறோம். பிள்ளைகளைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்தீர். அவர்கள் திரும்பிப் போகும் வழியிலும் கூட இருந்து காத்தருளும். அவர்கள் போன பின்பு..."

அங்கே தடக்கியது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு வந்தது வேதத் தமிழ் இல்லை.

"ஆண்டவரே, எனக்குத் தனிய இருக்க ஏலாது. பொழுதுபட்டால் கதைக்க ஒரு சனமும் இல்லை. ரேடியோவோட கதைக்கிறன். இவன் கோட்டை எண்டு சொன்னவுடன, என்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் எண்டு நினைச்சிட்டன். படமும் கொண்டுவந்தனான். விசரி நான். என்னை இங்க தனிய விட்டுட்டுப் போக விடாதையும், அப்பா."

அத்தோடு நின்றுவிட்டார். இயேசுவின் நாமத்தில் என்றும் சொல்லவில்லை, ஆமென் என்றும் சொல்லவில்லை. ஆமென் சொல்லாமல் எங்களில் யாரும் கண் திறப்பதில்லை. ஆகவே அப்படியே இருந்தோம். நானும் மூடிய கண்ணோடுதான் இருந்தேன். பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கும் மகன் கொடுக்கக்கூடியதைப் பரலோகத்தில் கேட்கிறோமே என்று நினைத்தேன். ஆண்டவருக்கு அது கேட்டிருக்கும். ஆனால் பதில் சொல்ல அவர் வைத்திருக்கும் வாய் சயந்தனுடையது. அவன் சொல்லட்டும் என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். ஒரு சொல் போதும். இப்போது இல்லை, அடுத்த வருடம் என்றாலும் போதும்.

"ஆமென்!" என்றாள் ஹன்னா, பசியில்.

கண்களைத் திறந்தோம். பிரியாந்தினி பார்சலின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். றஞ்சனாக்கா தலை நிமிராமல் சேலையில் ஒட்டிய புல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சயந்தனின் கண் சிவந்திருந்தது. தாயைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

"சாப்பிடுங்கோ அம்மா" என்றான். "சோறு ஆறப்போகுது."

விடியற்காலையில் கட்டிய சோறு அது. பிசைந்தபோது கைக்கு ஜில்லென்றிருந்தது.

"ஓம் தம்பி" என்றார் றஞ்சனாக்கா. "நீயும் சாப்பிடு."