சகலையின் பின்சக்கரம்

ஜன்னல் கண்ணாடி ஏற்றிப் போகிறவர் என்பதால் வெளியில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. வீட்டில் அவர் சின்ன மாப்பிள்ளை. வயதில் அவர்தான் மூத்தவர், நரையும் அவருக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் அவர் கட்டியது தங்கையை, சகலை கட்டியது அக்காவை. அதனால் மாமியார் வாயில் சகலை பெரிய மாப்பிள்ளை. இவர் பேரன் எடுத்தாலும் சின்ன மாப்பிள்ளைதான்.

இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கீழே சகலையும் மாமியாரும், மாடியில் இவர். வாசலில் சிமெண்ட் போட்ட இடத்தில் இரண்டு பிக்கப் வண்டிகளும் உரசாத குறையாக நிற்கும். சகலையின் வண்டி கட்டடக் கம்பி ஏற்றுவது. இவருடையதைவிடப் புதியது, ஒரு சுற்றுப் பெரியது. தினமும் காலையில் மாடிப்படி இறங்கும்போது இவர் கண் முதலில் அந்த வண்டியின் மேல்தான் விழும். ஏதாவது புதிதாகக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அன்றைக்கு டீ கொஞ்சம் ருசியாக இருக்கும்.

சகலை கெட்டவர் இல்லை. அதுதான் இவருக்குப் பெரிய தொந்தரவு. குழாய் ஒழுகினால் அவர்தான், மின்விசிறி நின்றால் அவர்தான், மாமியாருக்குக் கால் வலித்தால் தைலம் வாங்கி வருவதும் அவர்தான். கெட்டவராக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்டவரிடம் எதற்கென்று சண்டை போடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை தன் வண்டியின் பின் பிரேக்கை வாசலில் வைத்துத் தானே மாற்றினார். வீடே கீழே இறங்கிவிட்டது. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா டீ கொண்டுவந்தாள். இவருடைய மனைவி குனிந்து நின்று சக்கரத்துக்கு டார்ச் அடித்தாள். "அத்தான், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமா?" என்று அவள் பணிவாகக் கேட்டது மாடி ஜன்னலில் நின்றவருக்குத் தெளிவாகக் கேட்டது. தனக்கு அவள் ஒரு நாளாவது டார்ச் பிடித்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தார். தான் டார்ச் தேவைப்படுகிற வேலை எதுவும் செய்ததில்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரமே இவர் வண்டியிலும் பின்னால் கிறீச்சென்று சத்தம் வந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பின்னால் அடுக்கியிருப்பதோ கண்ணாடி. வேறு சமயமாக இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டிருப்பார். இந்தத் தடவை நேராக உதிரிபாகக் கடைக்குப் போய், சக்கரத்தை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ கேட்டார். கடைக்காரர் பேசப் பிரியப்படுகிற மனிதர். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் பிரிக்க வேண்டும், ஸ்பிரிங் எது எங்கே என்று மறந்துபோனால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பார்க்கச் சொன்னார். புது ஷூ தடிமனாக இருக்கும், உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், ரப்பர் பழசாக இருந்தால் அதற்கப்புறம்தான் பிரேக் ஆயில் கசிய ஆரம்பிக்கும் என்றார். இவர் பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு கவனமாகப் பாடம் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு வேலையை ஆரம்பித்தார். சகலையின் டூல்ஸ் பெட்டி இரண்டு எட்டில் இருந்தது. இவர் தெருமுனை பஞ்சர் கடை வரைக்கும் போய் ஜாக்கியும் ஸ்பேனரும் இரவல் வாங்கிவந்தார்.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்பக்கத்தைத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். ஷூவை மூடியிருக்கும் பிரேக் டிரம் வரவில்லை. இழுத்தார், சுற்றிலும் சுத்தியலால் தட்டினார், காலை ஊன்றி மறுபடி இழுத்தார். அது இடத்தைவிட்டு அசையவே இல்லை. யாரும் நாற்காலி தூக்கிக்கொண்டு வரவில்லை. மனைவி மட்டும் துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"அத்தானைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"இல்ல, அவரு போன வாரம்தான்..."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

அவள் போனபிறகு, வியர்வையைத் துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று கேபின் கதவைத் திறந்தார். ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார். டிரம் கையோடு வந்தது.

அதற்கப்புறமும் அது லேசான வேலையாக இல்லை. ஒரு ஸ்பிரிங் பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் விழுந்தது. தரையில் படுத்துக் கையைவிட்டு எடுத்தார். சிலிண்டரின் ரப்பரை விலக்கினபோது, கடைக்காரர் சொன்னபடியே உள்ளேயிருந்து ஆயில் விரலில் வழிந்தது. கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புது சிலிண்டர்கள் வாங்கிவந்து இரண்டு பக்கமும் மாட்டினார். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கப் பெடலை மிதிக்க ஆள் வேண்டும். மனைவியைத்தான் கூப்பிட்டார். அவள் கேபினில் உட்கார்ந்து ஒரு கையால் காதில் போனை வைத்தபடியே மிதித்துக் கொடுத்தாள். சாயங்காலம் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. அதைச் சொல்லலாம் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கீழ் வீட்டில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழாயடியில் கை கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தார். சகலை வண்டியின் பின்சக்கரத்தில், டயரின் உள்பக்கம் ஈரமாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டு மோந்தார். நாள் முழுக்கத் தன் கையில் இருந்த அதே வாடை. போன வாரம் சகலை ஷூவை மட்டும் மாற்றியிருக்கிறார், சிலிண்டரைத் திறந்து பார்க்கவில்லை.

சகலை விடிந்ததும் கம்பி ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டியவர்.

கண்ணாடிக்காரர் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மேலே போனார். உள்ளுக்குள் சர்க்கரை கரைகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் கீழ் வீட்டில் சாப்பாடு. அவர் சகலைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மாப்பிள்ளையின் வண்டி ரோட்டோரம் நிற்கிறது. சின்ன மாப்பிள்ளையின் வண்டி அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வருகிறது. மாமியார் வாசலில் நின்று பார்க்கிறார். இதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சகலையின் வண்டி ரோட்டோரமாக நல்லபடியாக நின்றிருந்தது.

எப்படி நின்றது? சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பிரேக் இல்லாத வண்டி, பின்னால் அத்தனை கம்பி, கீழே இறக்கம். அது எப்படி ஓரமாக வந்து நிற்கும்?

அக்கா சகலையின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு அவர் மனசு இன்னும் திருந்தவில்லை. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார்.

"சகலை, நாளைக்கு நீங்க வண்டியை எடுக்கக்கூடாது. உங்க பின்சக்கரத்துல ஆயில் ஒழுகுது."

சகலை சாப்பாட்டிலிருந்து எழுந்து போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். அவர் குனிந்து, தொட்டு, மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடிக்காரர் இதற்காகத்தான் காத்திருந்தார். ஆனால் சகலை மழுப்பவில்லை.

"தப்பு என்னுதுதான். சிலிண்டரைத் திறந்து பாக்காம மூடிட்டேன். இவரு பாக்கலேன்னா நாளைக்கு நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

எல்லோரும் சின்ன மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எத்தனை பேருக்கு இப்படித் தப்பை ஒத்துக்க மனசு வரும்? அதான் எங்க பெரிய மாப்பிள்ளை."

கண்ணாடிக்காரர் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றினவனுக்கு இந்த வீட்டில் மரியாதை இவ்வளவுதானா என்று மனைவியிடம் கேட்டார். அம்மா அப்படித்தான், அதைப்போய்ப் பெரிசுபண்ணாதீங்க என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அவள், நீங்க சொன்னதும் எனக்குக் கைகாலெல்லாம் நடுங்கிடுச்சு என்றாள். அவருக்கு அது போதவில்லை, ஆனாலும் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் சகலை லோடை ரத்து பண்ணிவிட்டு மாடிக்கு வந்தார். "நீங்களே செஞ்சு குடுங்க சகலை. நான் கூட இருக்கேன்," என்றார். இவர் செய்தார். கடைசியில் பெடலை மிதிக்க சகலை கேபினில் ஏறினார். வண்டிக்கு அடியில் இவர் படுத்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார், பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். சகலை சொன்னபடியெல்லாம் செய்தார். காற்று போய் ஆயில் சுத்தமாக வர ஆரம்பித்த பிறகும் இவர் இன்னும் சில தடவை மிதிக்கச் சொன்னார்.

ஓட்டிப் பார்க்க இருவரும் ஊருக்கு வெளியே இருந்த இறக்கத்துக்குப் போனார்கள். ஸ்டியரிங்கை இவரிடம் கொடுத்துவிட்டு சகலை பக்கத்தில் உட்கார்ந்தார். பிரேக் அழகாகப் பிடித்தது. வண்டியும் தன்னுடையதைவிட வேகம் எடுக்கிறது, மெத்தை மாதிரி ஓடுகிறது என்று தெரிந்ததும் இவருக்கு மறுபடி உள்ளே சுருக்கென்றது. அதற்குள் சகலை போனில் கம்பிக் கடைக்காரரிடம் பேச ஆரம்பித்திருந்தார். தன் சகலை கை வைத்தால் மெக்கானிக் தோற்றுப்போவான், இனிமேல் பயமில்லாமல் லோடு ஏற்றலாம் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தவனைப் புகழ்வதுகூட இந்த மனிதனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று இவருக்குத் தோன்றியது. அந்தப் பொறாமைதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

பதிலுக்குத் தானும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். வீட்டுத் தெரு வரும்வரை வாய் வரைக்கும் வந்து வந்து போனது.

"கியர் நல்லா விழுது," என்றார் கடைசியில்.

"ஆமா சகலை," என்றார் அவர், சந்தோஷமாக. "இந்த வண்டியில அது ஒண்ணு உண்டு."