பிள்ளை மடுவத்தில் ஆடியவர்கள்

நானும் அவளும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்தவர்கள். பாடசாலையில் கலைவிழா என்றால் எங்கள் இருவரையும்தான் முதலில் கூப்பிடுவார்கள். எனக்கு ஆட்டத்தில் பைத்தியம். அவளுக்கும் அப்படித்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுடைய பைத்தியம் கைதட்டலில் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் கொழும்புக்குப் போய்ப் பரதம் படித்து, கல்யாணம் முடித்து, நுவரெலியாவில் தன் வீட்டு மேல்மாடியில் நடன வகுப்புத் தொடங்கினாள். நான் அப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். லீவு போட்டுவிட்டுத் திறப்பு விழாவுக்குப் போனேன். அரசியல்வாதி ஒருவர் நடராஜர் சிலைக்கு முன்னால் நின்று நாட்டியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, தன்னைப் பற்றிப் பேசி முடித்தார். பட்டுச்சேலையில் அவளும் பக்திப்பரவசமாகத் தலையாட்டினாள். கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமையில நானும் வந்து ஆடலாமாடி?”

அவள் சிரித்தாள். “நீ ஆடுறது டான்ஸ் இல்லடி, லயத்து ஆட்டம். இங்க வர்றது எல்லாம் டாக்டர் வீட்டு, டீச்சர் வீட்டுப் பிள்ளைங்க. நீ முன்வரிசையில உக்காந்து பாரு, போதும்.”

லயம் என்ற சொல்லை, காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடுவதுபோலச் சொன்னாள். அதே லயத்தில் தன் வீட்டுக் கூரை ஒழுகிய நாட்களில் எங்கள் காம்பராவில் வந்து படுத்தவள் அவள். எனக்கு அழுகை வரவில்லை. அவள்மேல் ஓர் இளக்காரம்தான் வந்தது. இன்றுவரை அது போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

எங்கள் தோட்டம் திம்புள்ளப் பக்கம். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் விட்டுச்செல்லும் பிள்ளை மடுவம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக்கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் போய்ச் சாவி கேட்டேன்.

“எதுக்கு?”

“ஆடுறதுக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலிக்காரர். “சாவி தர்றேன். ஆனா என்னையும் சேத்துக்கணும்” என்றார்.

முதலில் நாங்கள் இருவர்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. கோயில் தேர் எந்த லயத்துக்கு முதலில் வர வேண்டும் என்று ஆண்கள் போட்ட சண்டையின் மிச்சம் அது. அந்த வீரர்கள் மூட்டிய பகையைப் பெண்கள்தான் சுமந்துகொண்டிருந்தார்கள். மடுவத்துக்குள் வந்தவர்களும் முதல் நாள் இரண்டு சுவர்களோரமாகப் பிரிந்து நின்றார்கள். போனில் பாட்டைப் போட்டேன். கீழ் டிவிசனைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண்ணொருத்தி பைலா ஆடிக் காட்ட, மேல் டிவிசன்காரிகள் சிரிப்பை அடக்க முடியாமல் நடுவுக்கு வந்துவிட்டார்கள். மடுவத்துத் தொட்டில்களில் எங்களோடு வந்த குழந்தைகள் தூங்க, நாங்கள் கும்மியும் பைலாவும் சினிமாப் பாட்டுமாக வேர்க்க வேர்க்க ஆடினோம்.

கோயில் கமிட்டிக்கு இது பொறுக்கவில்லை. ஞாயிறு முழுக்கக் கசிப்புக் குடித்து மிதப்பவர்கள் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். தலைவர் வெள்ளை வேட்டியோடு வந்து கதவைத் தட்டினார்.

“பொம்பளைங்க கதவச் சாத்திக்கிட்டுக் குதிக்கிறீங்களாமே?”

அக்கா கதவை அகலத் திறந்தார். “வாங்க, நீங்களும் குதிங்க. முடியாதுன்னா இவனப் பிடிங்க” என்று அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆடப் போய்விட்டார். குழந்தை வேட்டியை நனைத்தது. கமிட்டி அதன் பிறகு எங்களைப் பற்றிக் கூடவில்லை.

அந்த வருஷக் கடைசி மழையில் கீழ் டிவிசனுக்கு மேலே மண் இறங்கியது. சுவர் வெடிக்கிறது என்று பைலாக்காரிதான் எங்களுக்குப் போன் போட்டாள். மேல் டிவிசன் பெண்கள் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி, கிழவர்களையும் குழந்தைகளையும் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. லயத்தில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு வாளித் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடுகளிலிருந்து போர்வையும் அரிசியும் வந்தன. தலைவர் மட்டும் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு, அதிகாரிகளை வரவேற்க வாசலில் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் நுவரெலியாவிலிருந்து அவள் வந்தாள். வேன் நிறைய மாணவிகள், எல்லோரும் சலங்கையோடும் முழு ஒப்பனையோடும். கூடவே ஒரு கேமராக்காரர்.

“இந்த சனங்களுக்கு மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு வந்தோம். அந்தப் பாயெல்லாம் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுடி. படத்துல நல்லா விழாது.”

ஈரம் காயாத பாய்களில் ஆட்கள் படுத்திருந்தார்கள். நான் சொன்னேன்.

“ஆடு. தாராளமா ஆடு. ஆனா வீடியோ எடுக்காம ஆடு.”

அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. “வீடியோ இல்லாம எதுக்குடி?” என்றாள்.

இதைக் கேட்ட மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு இன்னும் சிலர் போனார்கள். அவர்களைக் கூட்டி வந்தவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சமையல் முடிந்ததும் அக்கா பாட்டெடுத்தார். மண்டபத்து வாசலில் எல்லோரும் கொஞ்ச நேரம் ஆடினோம். வீட்டை இழந்தவர்களும் ஆடினார்கள், சிலர் அழுதுகொண்டே.

மறுநாள் அவளுடைய பேஸ்புக்கில் அந்த மண்டபத்தின் படம் இருந்தது. ‘என் மக்களோடு’ என்று எழுதியிருந்தாள். சலங்கை கழற்றிய பிள்ளைகள் சிலர் அவளுடைய வகுப்பை விட்டுவிட்டு, இப்போது பஸ் ஏறி எங்களிடம் வருகிறார்கள். கீழ் டிவிசன் குடும்பங்களுக்கு வீடு கட்ட இன்னும் காணி கிடைக்கவில்லை. அவர்கள் மேல் டிவிசன் காம்பராக்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சண்டை வருகிறது. ஆனால் சண்டை போட்டவர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறார்கள்.

போன மாதம் அக்கா கேட்டார், “உன்னோட நுவரெலியாக் கூட்டாளி ஒருநாள் இங்க ஆட வந்தா சேத்துக்குவியா?”

“சேத்துக்கலாம்க்கா. பின்வரிசையில” என்றேன்.