காலை ஆறேகாலுக்கு ஒரு நல்ல வார்த்தை

வேலம்மா தன்னைப் பற்றி நல்லதாக எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரே ஒருமுறை சொன்னாள். மந்தைவெளியில், தெருக்குழாயடியில், பன்னிரண்டு வருஷத்தில் உடம்புக்கு என்று ஒரு நாள் படுத்ததில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். மறு வாரம் பறக்கும் ரயில் நிலையப் படியில் சறுக்கிக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப்போட்ட காலைப் பார்த்தபோதெல்லாம் அவளுக்குத் தன் வாய்மேல்தான் கோபம் வந்தது.

இப்போது நாற்பத்தேழு வயது. தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஐந்தேகால் ரயிலைப் பிடித்தால் ஆறு மணிக்குள் சீருடைக் கோட்டை மாட்டிவிடலாம். மூன்றாவது மாடி அவளுடையது. ஜன்னல் பக்கம் தொடங்கிப் பின்பக்கமாகவே நடந்து லிஃப்ட் வரை துடைத்து வருவாள். அவள் லிஃப்டுக்கு வரும்போது ஜன்னல் பக்கம் காய்ந்திருக்கும். முதல் ஆள் உள்ளே வரும்போது தரையில் ஈரம் இருக்காது, வாசனை மட்டும் இருக்கும்.

மதியத்துக்குள் அந்தக் கணுக்கால் வீங்கிவிடும். கழிவறைகளில் குனிந்து தேய்ப்பது இன்னும் எத்தனை வருஷம் முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் துரைராஜ் பெருங்குடிக் கிளைக்கு மாறிப்போனதும் அந்த இடம் காலியானது. சூப்பர்வைசர் குனிய வேண்டாம், மாடிச் சாவிகளை வைத்துக்கொண்டு மேற்பார்த்தால் போதும். மேனேஜர் அகஸ்டின் வேலம்மாவின் பெயரைத்தான் எழுதி அனுப்பினார். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது.

ஜனவரியிலிருந்து கம்பெனி ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்திருந்தது. ஆறேகாலுக்கு அந்தக் கட்டடத்து வேலைக்காரப் பெண்கள் பத்துப் பேரும் சர்வீஸ் லிஃப்ட் முன்னால் வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். தெரியாதவர்களுக்காக ஒரு அட்டையில் ஐந்து வாக்கியங்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ‘என்னால் முடியும்’, ‘இன்றைய நாள் என்னுடையது’, இப்படி. பெண்கள் ரேஷன் கடையில் பெயர் சொல்வதுபோல் அதைச் சொல்லி முடித்தார்கள். வேலம்மா உதட்டை மட்டும் அசைப்பாள். பத்துப் பேரில் அது தெரியவில்லை. சூப்பர்வைசர்தான் முதலில், தனியாக, உரக்கச் சொல்ல வேண்டும். மூன்று நாள் நீங்கள் நடத்துங்கள், பார்க்கிறேன் என்றார் அகஸ்டின்.

முதல் நாள் வேலம்மா நடுவில் வந்து நின்றாள். அகஸ்டின் பேனாவைத் திறந்துகொண்டார்.

“எனுக்கு இன்னா தெரியும். ஏதோ பெருக்கிக்கினு கீறேன்” என்றாள்.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கண் படக் கூடாதென்று அழகாக இருக்கிற பிள்ளையைக் கருவாயா என்று கூப்பிடுகிறவர்கள் அவர்கள். அகஸ்டினுக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. தன்னம்பிக்கை குறைவு என்று படிவத்தில் எழுதி அடிக்கோடு போட்டார். கண்ணாடி துடைக்கிற இருபத்திரண்டு வயது நிஷா எட்டிப் பார்த்துவிட்டு வந்து அதை வேலம்மாவிடம் சொன்னாள்.

பான்ட்ரியில் டீ போடுகிற ஹமீதுன்னிசாவிடம் வேலம்மா போய் நின்றாள். ராயப்பேட்டைக்காரி. தினமும் வட்டத்தில் நின்று, என் டீயைப்போல் இந்தக் கட்டடத்தில் டீ இல்லை என்று கூசாமல் சொல்கிறவள்.

“உனக்கு பயமா இல்லியா?”

“சொல்லிட்டு பின்னாடியே மாஷா அல்லாஹ்னு ஒண்ணு போட்டுடுவேன். அப்புறம் எந்தக் கண்ணும் ஒட்டாது.”

“எனுக்கு அது செட் ஆவுமா?”

“உங்க பக்கம் இல்லாததா. மொளகா சுத்திப் போடு.”

“இங்க மொளகா சுத்துனா ஃபயர் அலாரம் அடிக்கும்” என்றாள் வேலம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். வழி ஒன்றும் பிறக்கவில்லை.

இரண்டாம் நாள் அட்டையைப் பார்த்துப் படித்தாள். இன்னும் சத்தமாக என்றார் அகஸ்டின். என்னால் முடியும் என்று சத்தமாகப் படித்துவிட்டு, அன்று முழுக்க எது வரப்போகிறதோ என்று பார்த்துப் பார்த்து நடந்தாள். பத்து மணிக்கு மாப் வண்டியின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டு போய் ஒருவருடைய மேசைக்கடியில் நின்றது.

“அது போன மாசத்துலேர்ந்தே ஆடிக்கினுதானேக்கா இருந்துது” என்றாள் நிஷா.

“ஆடிக்கினே இருந்துட்டுப் போயிருக்கும்ல” என்றாள் வேலம்மா.

மதியம் ரயிலில் உட்கார்ந்து யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குனிந்து தேய்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, வலிதான். இந்திரா நகரில் எடுத்த முடிவு கோட்டூர்புரம் வருவதற்குள் மாறியது. காலைத் தூக்கி எதிர் சீட்டில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வட்டத்தின் நடுவே போகவில்லை. நிஷாவுக்கும் ஹமீதுன்னிசாவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அகஸ்டின் அட்டையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. நிஷாவின் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பொண்ணு தொடச்ச கண்ணாடியில ஒரு கோடு நிக்காது. அங்க கண்ணாடி கீதுன்னே தெரியாம நேத்து ஒரு ஆபீசரு போய் முட்டிக்கினாரு.”

சொன்ன கையோடு நிஷாவின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி அழுத்தினாள். நெட்டி படபடவென்று முறிந்தது. கண் எவ்வளவு பட்டிருந்ததோ அவ்வளவு சத்தம். நிஷாவுக்கு முகம் சிவந்துபோனது. பிறகு அவள் தன் பக்கத்தில் நின்ற கயலிடம் திரும்பினாள். கயல் வந்தால் லிஃப்டிலேயே சிரிப்பு கேட்டுவிடும், அதற்கப்புறம் யாருக்கும் தூக்கம் வராது என்றாள். அவளுக்கும் நெட்டி முறித்தாள். அப்படியே சுற்றி வந்தது. ஒருத்தி நாற்பது தண்ணீர் கேனை ஒரு சொட்டுச் சிந்தாமல் மாற்றுகிறவள். ஒருத்தி யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அவர்கள் மாடியையும் சேர்த்துப் பெருக்கிவிட்டுச் சொல்லாமல் போகிறவள். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. யாரும் அட்டையைத் தேடவில்லை.

கடைசியாக ஹமீதுன்னிசா வேலம்மாவைப் பார்த்து நின்றாள்.

“இவ லீவு போட்டா அன்னிக்கு மூணாவது மாடியிலேர்ந்து எனக்குப் போன் வரும். டீ கேட்டு இல்ல. வேலம்மா எங்கன்னு கேட்டு.”

மாஷா அல்லாஹ் என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று நெட்டியும் முறித்தாள். வேலம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அகஸ்டின் படிவத்தைப் பார்த்தார். ‘தன்னைப் பற்றி’ என்று அச்சடித்த கட்டத்தில் எழுத அவருக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வாக்கியத்தில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியிலிருந்து இந்த வட்டத்தில் எல்லோரும் நிமிர்ந்து நின்ற நாள் இதுதான். சின்ன வயதில் சாந்தோமில், முதல் நற்கருணைக்கு வெள்ளைச் சட்டையோடு அவர் கிளம்பியபோது அவருடைய அம்மாவும் இப்படித்தான் நெட்டி முறித்தாள். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“இதை ஃபார்ம்ல எங்கம்மா எழுதறது?”

“அது உங்க வேல சார்.”

பத்துப் பேரும் வாளிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினொரு மணிக்கு அகஸ்டின் மூன்றாவது மாடிக்கு வந்தார். நடைவழிக் கோடியில் நின்றிருந்த வேலம்மாவிடம் போய்த் தொண்டையைச் செருமினார். விஷயம் என்ன என்று முகத்திலேயே இருந்தது. அவள் கையுறையோடு கையை உயர்த்தினாள்.

“வாயால சொல்லாதீங்க சார். சாவியக் குடுங்க, போதும்.”

அவர் கொடுத்தார். எத்தனை சாவி என்று அவள் எண்ணவில்லை. சத்தம் வராமல் கர்ச்சீப்பில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.