படப்பையில் விட்ட செருப்புகள்

அது வண்டியா வீடா என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெளிவில்லை. தெரிந்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது.

என் வீட்டுக்காரர் மண்ணூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை பார்க்கிறார். வெறும் சேஸிஸாக வரும் வேன்களுக்குக் கூடு கட்டுவது அங்கே தொழில். ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன் என்று கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிதாக ஓர் ஆர்டர் வந்தது. கேரவனாம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, டாய்லெட், டிவி எல்லாம் வைத்த வண்டி. சுற்றுலா போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம். கட்டி முடித்த எந்த வண்டியையும் மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது அந்த ஷெட்டின் வழக்கம். இந்த வண்டி விஷயத்தில் மட்டும் முதலாளிக்குக் குழப்பம் வந்துவிட்டது. மணல் மூட்டை குழாயைத் திறக்காது, கட்டிலில் புரளாது. "உன் பேமிலிய ஏத்திக்கினு எங்கனா போய்ட்டு வா. எல்லாத்தையும் யூஸ் பண்ணுங்க. எது புட்டுக்குதுன்னு வந்து சொல்லு" என்றுவிட்டாராம்.

"அப்போ நாங்க மணல் மூட்டையா?" என்று கேட்டேன்.

"டீசல் ஓசி. பேசாம கெளம்புவியா, சும்மா நொய் நொய்ன்னுகினு."

காஞ்சிபுரம் என்று முடிவானது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் குடும்பமாகப் போனதே இல்லை. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் நின்று வேலை பார்க்கிறேன், அவருக்கு எப்போதும் ஓ.டி., ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைக்கவும் தூங்கவும்தான் சரியாக இருக்கும். பத்தாவது படிக்கும் என் மகள் உடனே குதித்தாள். அப்பா மட்டும் வரமாட்டேன் என்றார்.

அப்பாவின் காலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்றைய நாளே அந்தக் காலைச் சுற்றித்தான். அவருக்குச் சர்க்கரை. ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். பூட்ஸுக்குள் ஒரு ஜல்லிக்கல் கிடந்தது தெரியாமல் ஷிப்டு முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். அது ஆறாமல் அழுகி, கடைசியில் வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. "அந்தக் கால்ல உணர்ச்சி செத்துப் போச்சு. இடது கால்ல இன்னும் இருக்கு. அதையாவது காப்பாத்திக்கோங்க. வெறுங்கால தரையில வைக்கவே கூடாது, வீட்டுக்குள்ளயும்தான்" என்றார் டாக்டர்.

அதனால் அப்பாவுக்கு இரண்டு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்கும், மெத்தென்று அடிப்பாகமும் பின்னால் ஒட்டும் வாரும் வைத்த கறுப்புச் செருப்பு. ஒன்று வெளியே போக, ஒன்று வீட்டுக்குள். வெளிச் செருப்பில் சண்டை இல்லை. வீட்டுச் செருப்பில்தான் தினமும் பானிபட்டு. "வூட்டுக்குள்ள செருப்ப மாட்டிக்கினு திரிஞ்சா லட்சுமி எப்டிம்மா தங்குவா?" என்பார். நான் தலையைத் திருப்பினால் கழற்றிச் சுவரோரம் தள்ளிவிடுவார். நான் கத்துவேன். மறுபடி போடுவார். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது.

"நீ நடக்கவே வேணாம்பா. கோபுரத்துக்குக் கீழ வண்டிய நிறுத்துவாரு. கட்டில்ல சாஞ்சிக்கினே ஜன்னல் வழியா பாரு" என்று தாஜா பண்ணித்தான் அவரைக் கிளப்பினேன்.

எங்கள் சந்துக்குள் அந்தப் பூதம் நுழையாது. படப்பை மெயின் ரோட்டில், பூட்டிக் கிடந்த ஒரு கடை ஷட்டருக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நிறுத்தியிருந்தார். இட்லி டப்பா, தண்ணீர் கேன், துண்டு, மாத்திரைப் பை என்று சுமந்துகொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. கதவு திறந்தது. உள்ளே மரத் தரை மாதிரி பளபளவென்று ஒரு விரிப்பு, ஜன்னலுக்குத் திரை, அடுப்பு, பக்கத்திலேயே கை கழுவும் தொட்டி. "எம்மாடி, நம்ம வூட்ட விட நல்லாகீதே" என்றேன்.

"கஸ்டமர் வண்டி, அழுக்காயிடப் போவுது" என்று முன்பக்கத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான். அப்பா படியின் கீழே செருப்பை அவிழ்த்து ஓரமாக வைத்தார். அவர் பக்கத்தில் நான் என் செருப்பை விட்டேன், புதுசு. மகளும் விட்டாள். வாசலில் செருப்பை விட்டு வீட்டுக்குள் போவது யோசித்துச் செய்கிற காரியமா என்ன? கால் தானாகக் கழற்றிவிடுகிறது. உள்ளே ஏறினோம். கதவு தானாக மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் முன்கதவு வழியாக, ஷெட்டுக்குப் போகும் சேஃப்டி ஷூவோடு டிரைவர் சீட்டில் ஏறினார். அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. எதற்காவது கூப்பிட வேண்டுமென்றால் பெல் அடிக்க ஒரு பட்டன். அதை அழுத்திப் பார்த்தேன். சத்தமே வரவில்லை.

வண்டி கிளம்பியது. அதன் பிறகு எதுவும் எங்களுக்குப் பிடிபடவில்லை. வீட்டைப் போல எழுந்து நின்றால் திருப்பத்தில் தள்ளிவிட்டது. பஸ்ஸைப் போல உட்கார்ந்தால் சோபா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது, தலை சுற்றியது. சட்னியைத் திறந்தேன், ஸ்பீடு பிரேக்கர் வந்தது. அடுப்புக்குப் பக்கத்துக் கதவு அலமாரி என்று நினைத்துத் திறந்தால் டாய்லெட்.

அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "அடுப்பாண்டயேவா? சீ, கருமம்" என்றார்.

"யூஸ் பண்ணிப் பாக்கச் சொன்னாங்க தாத்தா" என்றாள் மகள்.

"நான் பண்ண மாட்டேன்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை என்று ஊரே கிளம்பியிருந்தது போலிருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் இரண்டு மணி நேரம் நகரவில்லை. எட்டு மணிக்குப் போய்ச் சேர நினைத்த காஞ்சிபுரத்துக்கு வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். கோபுரத் தெருவுக்குள் அந்த வண்டியை விடமுடியாது என்று போலீஸ்காரர் கையைக் காட்ட, என் வீட்டுக்காரர் அதை எங்கேயோ ஒரு மைதானத்தில், டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். அப்பாவின் ஜன்னலுக்கு நேரே ஒரு பஸ்ஸின் சைலன்சர்தான் தெரிந்தது.

கதவைத் திறந்தேன். இறங்குவதற்காகக் காலை நீட்டி, செருப்பைத் தேடினேன்.

கீழே மண்தான் இருந்தது. நான், மகள், அப்பா மூவரும் படியில் வரிசையாக நின்று அந்த மண்ணையே பார்த்தோம். யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது எந்தத் திருடன் வந்து எடுப்பான்?

"ம்மா," என்றாள் மகள் மெதுவாக. "அங்கயே விட்டுட்டோம்."

"சரி, தாத்தாவோட வூட்டுச் செருப்பு பையிலதானே கீது? எடு."

"நீதானே வெளிய போறோம், வெளிச் செருப்பு போதும்னு சொன்ன?"

சொன்னேன். வெளியே போகிறோம் என்பதால் வீட்டுச் செருப்பு வீட்டில். உள்ளே ஏறுவது வீடு மாதிரி இருந்ததால் வெளிச் செருப்பு ரோட்டில். இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தும் மனுஷனுக்கு ஒரு ஜோடி இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே புரியவில்லை. ஷூவோடு சிரித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர்தான் கிடைத்தார்.

"உங்களுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது? கெளம்பறப்போ பாக்க மாட்டீங்க?"

"முன்னால ரோடுதானே தெரியும்! செருப்பு பின்னால கெடக்குதுன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

முணுமுணுத்துக்கொண்டே போய் எனக்கும் மகளுக்கும் ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அப்பாவுக்கு அது ஆகாது. கட்டைவிரல் இல்லாத காலில் ரப்பர் செருப்பு நிற்காது, நழுவிக்கொண்டு ஓடும்.

"நீ எறங்காதப்பா. ஏசி ஓடுது, டிவி பாரு. இவரு முன்னால இருப்பாரு. நாங்க பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பல்லியத் தொட்டுட்டு ஓடியாந்துடறோம்" என்றேன்.

"போய்ட்டு வாங்க. நான் எங்க போவப் போறேன்" என்றார் அப்பா.

தங்கப் பல்லியைத் தொட அவ்வளவு பெரிய வரிசை. தொட்டோமா, கூட்டம் எங்களைத் தொட்டதா என்று தெரியாமலே வெளியே வந்தோம். வந்த வாசல் எது என்று மறந்துபோய் ஒரு சுற்றுச் சுற்றி ஒருவழியாக மைதானத்தைக் கண்டுபிடித்தோம்.

கேரவன் கதவுக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. ஓர் அம்மா என்னைப் பார்த்து, "கண்ணு டெஸ்டு எப்பம்மா ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். வெள்ளை வண்டியைப் பார்த்து இலவச முகாம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஏறினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவைக் காணோம்.

டாய்லெட் கதவைத் தட்டினேன். யாருமில்லை. முன்னால் ஓடினால் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்த மனிதர், பாவம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பாவமெல்லாம் தோன்றவில்லை.

"பெரியவரா? தடுப்பத் தட்டிப் பாத்தாரு, பெல்லக் கூட அமுக்கினாரு. பாத்ரூம் எங்கன்னு எங்களக் கேட்டாரு. அந்தப் பக்கம் போனாரு" என்றார் கண் டெஸ்ட் அம்மா.

வண்டிக்குள் பாத்ரூம் இருக்க, அடுப்புப் பக்கத்தில் போகமாட்டேன் என்று வெறுங்காலோடு இறங்கிப் போயிருக்கிறார். இவரையும் மகளையும் கட்டணக் கழிப்பறைப் பக்கம் விரட்டிவிட்டு நான் கோயிலுக்கு ஓடினேன். எங்களைத் தேடிக்கொண்டு அங்கேதான் போயிருப்பார் என்று பட்டது.

வெளிப் பிரகாரத்தில் கல் கொதித்தது. ஜனங்கள் எல்லோரும் தேங்காய்நார் விரிப்பின் மேலேயே நெருக்கியடித்து ஓடினார்கள். விரிப்பு கிடைக்காத பிள்ளைகள் "ஸ்ஸ் ஸ்ஸ்" என்று துள்ளின. அவர்களை எல்லாம் தாண்டி, ஒரு நிழலும் இல்லாத வெறுங் கல்லில், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒருவர் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் பீச்சில் காற்று வாங்குகிறவரைப் போல.

"பெரியவருக்கு எவ்ளோ பக்தி பாரு" என்று விரிப்பில் நின்ற ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் பாதிப் பேர் திரும்பினார்கள். கல்லில் ஓடினேன். உள்ளங்கால் பொரிந்தது. அவரிடம் போய்ச் சேர்ந்தும் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டே கேட்டேன்: "சுடலயாப்பா உனக்கு?"

"இல்லியே. நல்லாத்தான் கீது. ஜனங்க ஏன் இப்டி ஓடுதுங்கன்னு நானும் பாத்துக்கினு கீறேன்" என்றார், நிஜமாகவே குழம்பிப்போய்.

வலது கால் சரி, அது தெரிந்ததுதான். இடது கால்? அந்தக் கால் சுட்டிருக்க வேண்டுமே? என் துப்பட்டாவைக் கல்லில் போட்டு அவரை அதன் மேல் நிறுத்தினேன். அதற்குள் கழிப்பறைப் பக்கம் தேடிவிட்டு என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். "மாமா, கழுத்தப் புடிச்சிக்கோங்க" என்று ஒரே தூக்காகத் தூக்கி விரிப்புக்குக் கொண்டுபோனார். வாசலில் ஆட்டோ பிடித்தோம்.

கேரவனுக்குள் ஏறியதும் அப்பா சோபாவில் சம்மணம் போட்டு இரண்டு பாதங்களையும் தொடைக்குக் கீழே சொருகிக்கொண்டார்.

"கால நீட்டு, பாக்கணும்."

"ஒண்ணுமில்ல, வுடும்மா."

"நீட்டுப்பா!"

"ஒண்ணுமில்லன்றேன்ல?"

கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். அவர் அசையவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கா, வூட்டுக்கா?" என்று இவர் வெளியே நின்று கேட்டார். "வூட்டுக்கு" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரிக்கு" என்றேன் நான். எப்போதும் காட்டும் டாக்டரிடமே போவதென்று வண்டி படப்பைப் பக்கம் திரும்பியது. வழியெல்லாம் மகள் போனைக் கூடத் தொடவில்லை.

படப்பையில் வண்டி நின்றது. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் காலையில் விட்ட மாதிரியே கிடந்தன செருப்புகள். என் புதுச் செருப்பை மட்டும் எவனோ அடித்துக்கொண்டு போயிருந்தான். சர்க்கரைக்காரரின் கறுப்புச் செருப்பை யார் எடுப்பார்கள்? இவர் அதைத் தூசி தட்டி, கஸ்டமர் வண்டி என்று பார்க்காமல் உள்ளே கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் விரிப்பின் மேலேயே வைத்தார்.

அப்பா அதைப் பார்த்தார். சம்மணத்தை அவிழ்த்து முதலில் இடது காலை நீட்டினார்.

நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். குதிகாலில் ஒரு கொப்புளம், விரல்களுக்குக் கீழே ஒன்று, தண்ணீர் கோத்து வெள்ளையாக உப்பியிருந்தன. டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை வைத்து அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பாரே, அது ஞாபகம் வந்தது.

"கண்ண மூடிக்கோப்பா. நான் வெரலால தொடறேன். தொட்டா சொல்லு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் விரலை நீட்டினேன். எங்கே தொடுவது என்று தெரியாமல், தொடப் பயந்துகொண்டு, கையை அப்படியே வைத்திருந்தேன்.

"தெரியுதும்மா," என்றார் அப்பா. "நல்லா தெரியுது."

நான் இன்னும் தொடவே இல்லை.