லெவல் வாங்கிய மின் கியர்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் நூல் பிசகாமல் சேர்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அந்தக் குனிவு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சுவரில் மாட்டிய படம், மேஜைக் கால், அலமாரிக் கதவு, ஒன்றையும் விடமாட்டார். விருந்துக்குப் போன வீட்டில் கட்டில் காலுக்கு அட்டை மடித்துச் செருகிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சைக்கிள் ஓட்டும் கூட்டம் அவருக்கு 'லெவல்' என்று பெயர் வைத்தது. இப்போது சொந்தக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஆண்பிள்ளைகளைத் தினமும் பார்ப்பதால், ஆண்களின் வீரத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. எனக்குக் கொஞ்சம் கோபமும் அதிகம். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு ரோடு பைக். ஒரே கறுப்பு, ஒரே அளவு. ஜோடியாக வாங்கினால் ஒன்று கெட்டபோது இன்னொன்றிலிருந்து கழற்றிப் போடலாம் என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டில் மிக்ஸியும் இரண்டு, குடையும் இரண்டு, சுவர்க் கடிகாரமும் இரண்டு. நல்லவேளை, கல்யாணத்தில் அந்தக் கொள்கையைக் கடைப்பிடிக்கவில்லை.

போன வருஷம் ஒரு லிஃப்ட் கதவு அவருடைய இடது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. விரல்கள் பிழைத்தன, பலம் பிழைக்கவில்லை. சட்டைப் பொத்தான் போடலாம், கரண்டி பிடிக்கலாம். சைக்கிளின் முன் கியரை மட்டும் ஏற்ற முடியாது. ரோடு பைக்கில் பெடலை ஒட்டி முன்னால் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. பெரியது சமவெளிக்கு, சின்னது மேட்டுக்கு. செயினைப் பெரியதிலிருந்து சின்னதில் தள்ளிவிடுவது சுலபம். சின்னதிலிருந்து பெரியதில் தூக்கிப்போட இடது கை விரல்களால் கைப்பிடி நெம்புகோலை அழுத்தித் தள்ள வேண்டும். அந்த அழுத்தம்தான் அவரிடம் இல்லை.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கையால் செயினைத் தூக்கி ஏதாவது ஒன்றில் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னதில் போட்டால் சமவெளியில் காலைப் படபடவென்று அடித்தும் கூட்டம் கண்ணுக்கு மறைந்துவிடும். பெரியதில் போட்டால் கூட்டத்தோடு மேடு வரைக்கும் வரலாம், மேட்டில் ஏற முடியாது. அவர் பெரியதில் போட்டுக்கொண்டு வருவார். மேட்டின் அடியில் ஒரு பஞ்சர் கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

"நீ போம்மா. நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு இருக்கேன்" என்பார்.

நானும் போனேன். எனக்கு மேடு பிடிக்கும். மேட்டில் அந்தக் கூட்டத்தில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது, இதில் தன்னடக்கம் காட்ட நான் தயாராக இல்லை.

இதற்கிடையில் என் தங்கை வீட்டுக்காரருக்கு இவருடைய சைக்கிள் மேல் ஒரு கண். அவர் சோபா கடை வைத்திருக்கிறார். எதைக் கண்டாலும் உட்கார்ந்து பார்க்கிற ஆள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுவரில் சாய்த்திருக்கும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பாதி வழியில நிக்கிறதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு நல்ல சைக்கிள்? எங்கிட்ட குடுத்துடுங்க, நான் பத்திரமா பாத்துக்கிறேன்" என்பார். ஒருநாள் சீட்டை இறக்கி உயரம் பார்க்க ஸ்பேனரே கொண்டுவந்துவிட்டார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முன் கியரை மின்சாரத்துல மாத்தப்போறேன். மாத்தி மேல ஏறிட்டேன்னா சைக்கிள் எனக்கு. பஞ்சர் கடையிலயே உக்காந்துட்டேன்னா அன்னிக்கே நீங்க எடுத்துக்கலாம்."

"வாக்கு மாறக்கூடாதுண்ணே!"

"லெவல் வாக்கு மாறமாட்டான்."

தன்னைத் தானே பட்டப்பெயரால் சொல்லிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிப்போயிருக்கிறார் என்று தெரிந்தது.

பிறகு தேர்வுப் படலம். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் விலைப்பட்டியலும் படங்களும் கிடந்தன. முன்னால் ஒரே பல்சக்கரம் போட்டுவிட்டால் முன் கியரே வேண்டாம் என்றார் சோபா கடைக்காரர். "கால் வலின்னு காலையே எடுக்கச் சொல்றாரு" என்று அதை ஒதுக்கினார் இவர். மின் கியரில் ஒயர் உள்ளது ஒன்று, ஒயரே இல்லாதது ஒன்று. ஆயுள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் ஒயரோடு குடித்தனம் நடத்தியவர், "ஒயர் இல்லாம கரன்ட் வேலையா? கண்ணால பாக்காததை எப்படி நம்புறது?" என்றார். ஆனால் ஒயரை ஃபிரேமுக்குள் விட்டு அந்தப் பக்கம் பிடித்து இழுக்க நல்ல விரல்கள் வேண்டும். கடைசியில் கண்ணால் பார்க்காததையே நம்பினார். கொள்கைப்படி இரண்டு செட்டாக. என் சைக்கிளின் பழைய கியர் நன்றாகத்தான் இருந்தது, அதை யார் கேட்டார்கள்?

பூட்டும் வேலையைக் கூடத்தில் வைத்துக்கொண்டார். செயினைத் தள்ளும் சின்னக் கூண்டு, பெரிய பல்சக்கரத்தின் பல் நுனிக்கு மேலே ஒரு காசு நுழையும் இடைவெளியில், சக்கரத்துக்கு நேர் இணையாக நிற்க வேண்டும். லெவலுக்கு இதைவிட வேறு சொர்க்கம் உண்டா? கன்னத்தைத் தரையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே கிடந்தார். நான் அவரைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய்வந்தேன்.

கடைசி வேலை, உறுப்புகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவது. பின் கியரின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு சிமிட்டும். உடனே முன் கியர், இரண்டு கைப்பிடிகள் எல்லாவற்றின் பொத்தானையும் அழுத்தினால் அவை ஒரே குடும்பமாகிவிடும். அப்புறம் இரண்டு கைப்பிடியிலும் உள்ள நெம்புகோல்களை ஒரே நேரத்தில் லேசாகத் தொட்டால் போதும், முன் கியர் சின்னதில் இருந்தால் பெரியதுக்கு ஏறும், பெரியதில் இருந்தால் இறங்கும். அவர் இரண்டு சைக்கிளுக்கும் நடுவே கையேட்டோடு உட்கார்ந்து அதிகாரம் செய்தார். பொத்தான் அழுத்தியது நான். அவர் நீட்டிய விரலை நம்பி அழுத்தினேன். நீட்டியது அடிபட்ட விரல், அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று அதற்கே தெரியாது.

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து சோதிக்கலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

இருவரும் அழுத்தினோம். இரண்டு முன் கியரும் 'விர்' என்று ஒன்றாக நகர்ந்தன. மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. மறுபடி விர். "அச்சு பிசகல பாத்தியா!" என்று அவர் முகம் மலர்ந்தது. பேட்டரி வீணாகும் என்று அதற்கு மேல் தொடவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமவெளியில் கூட்டத்தோடு ஜோராக வந்தார். சோபா கடைக்காரர் காரில் நேராக மேலே போய், அங்கே காத்திருந்தார். பஞ்சர் கடை வந்தது. நான் வழக்கமாகக் கியர் இறக்கும் விளக்குக் கம்பத்தடியில் இருவரும் ஒன்றாக அழுத்தினோம். இருவருக்கும் செயின் சின்னதில் இறங்கியது. பஞ்சர் கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தார், பாவம். இவர் கையசைத்துவிட்டு மேட்டில் ஏறினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மேட்டின் நடுவில் சாலை கொஞ்ச தூரம் மட்டமாகக் கிடக்கும். நான் சற்று முன்னால் இருந்தேன். பெரியதுக்கு ஏற்ற அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் "ஐயோ!" என்று சத்தம்.

"என்னங்க ஆச்சு?"

"நான் தொடவே இல்ல, தானா பெரிசுல ஏறிடுச்சு!" என்றபடி அதை இறக்க அவர் அழுத்தினார். என் செயின் பெரியதில் ஏறியது. ஓகோ, நம்முடையது தாமதமாக வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். தன்னுடையது இறங்கவில்லையே என்று அவர் இன்னொரு முறை அழுத்தினார். என்னுடையது தொபுக்கென்று சின்னதில் விழுந்து, கால் காற்றில் சுற்றியது. எனக்குக் கோபம் வந்து நான் அழுத்த, அவருடையது சின்னதில் விழுந்தது.

"உங்க லெவலைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!" என்றேன். கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் எங்களைக் கடந்து போனார். "குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் என் செயினையும் தன் செயினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீ அழுத்து" என்றார். அழுத்தினேன், அவருடையது ஏறியது. "இப்ப நான் பாரு." என்னுடையது ஏறியது. "புரிஞ்சிடுச்சு. ஒரு ஆபீஸ்ல பக்கத்து லிஃப்ட் பொத்தானை மாத்திப் பூட்டிட்டாங்க. இதை அழுத்தினா அது வரும். அதே கேஸ்தான். என் முன் கியர் உன் கையில இருக்கு, உன்னுது என் கையில."

"நிறுத்திச் சரி பண்ணலாம்ல?"

"கையேடு இல்லாம முடியாது. அது வீட்டுல இருக்கு. நீ தள்ளிப் போயிடாத, போனா சிக்னல் எட்டாது. ஓட்டு, ஓட்டு!"

கடைசி மேடுதான் கொடுமை. மற்ற நாளில் அங்கே நான் எழுந்து நின்று மிதித்துப் பறந்துவிடுவேன். அன்று அவர் சக்கரத்தோடு சக்கரமாக உருட்டினேன். செங்குத்து வந்தால் "எனக்கு இறக்கு!" என்று கத்துவார். சாலை கொஞ்சம் படுத்தால் "ஏத்து, ஏத்து!" நானும் பதிலுக்குக் கத்தினேன். விரலில் தையல் போட்டிருந்த நாட்களில்கூடச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவர். அந்த மனுஷன் ஊர் கேட்க என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது, கால் நிற்கவில்லை.

எல்லாருக்கும் கடைசியாக ஏறினோம். இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்த சோபா கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். பொய்க் கைதட்டல்தான், ஆனாலும் தட்டினார். "சரிண்ணே, சைக்கிள் உங்களுதுதான்" என்றார்.

இவர் இரண்டு சைக்கிளையும் கைப்பிடிச் சுவரில் சாய்த்தார். மண்டியிட்டார். பின் கியர், முன் கியர், கைப்பிடிகள் என்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். விளக்குகள் சிமிட்டி அடங்கின. அடுத்த சைக்கிளுக்கும் அப்படியே. பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி நெம்புகோல்களைத் தொட்டார். அவரவர் கியர் அவரவருக்கு நகர்ந்தது. நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"கையேடு வேணும்னு சொன்னீங்க?"

அவர் டயரை அழுத்திப் பார்த்தார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

"உங்களைத்தான் கேக்கிறேன். அங்கேயே பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருந்தா நீ போயிருப்பே" என்றார்.

ஒரு வருஷமாக அந்தப் பெஞ்சில் அவர் காற்று வாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. சோபா கடைக்காரர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. அதனால் திட்டினேன்.

"கூட இருன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"இன்னிக்கு மேடு பூரா கத்திக்கிட்டேதானே வந்தேன்?" என்றார்.